பழைய கார் இஞ்சினில் ரிங் கேப் அளந்த அனுபவம்

இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை. ஆயிலும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தபோது இரண்டு சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு காட்டின. பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் 95. பிஸ்டனைச் சுற்றியுள்ள கசிவை ஆயில் அடைத்ததால் வந்த ஏற்றம் இது; வால்வு கசிந்திருந்தால் இப்படி ஏறாது. சரி, தேய்ந்தது ரிங்கா (பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையம்), போரா (அது உரசி ஓடும் சிலிண்டர் துளை)? ரிங் என்றால் புது செட்டோடு முடியும். போர் என்றால் ரீபோரும் (துளையைப் பெரிதாகக் கடைவது) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் வேண்டும்.

மேலே சிலிண்டர் ஹெட்டையும் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் கழற்றி, பிஸ்டன்களை வெளியே எடுத்தேன். ரிங் முழு வட்டம் அல்ல; ஓரிடத்தில் வெட்டியிருக்கும், போருக்குள் இருக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கேப். என் இஞ்சினின் போர் 3 அங்குல விட்டம். வார்ப்பிரும்பு ரிங்குக்குப் போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 முதல் 4 தவ் கேப் என்பது பொதுக் கணக்கு (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது 9 முதல் 12 தவ்.

பழைய ரிங்கைப் போருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் தள்ளினேன். ரிங் கோணலாக நின்றால் அளவு பொய்யாகிவிடும். ரிங் போய்வராத அடிப்பகுதியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 34 தவ் காட்டியது. அங்கே போர் தேயவே இல்லை, ஆகவே கூடுதல் முழுக்க ரிங்கின் தேய்மானம். அதே ரிங் மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, 50 காட்டியது. இந்த 16 தவ் வித்தியாசம் போருடையது. விட்டம் ஒரு தவ் கூடினால் சுற்றளவு 3.14 தவ் கூடும்; 16ஐ 3.14ஆல் வகுத்தால் சுமார் 5 தவ் தேய்மானம். துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லாமலே ஒரு ரிங்கும் ஃபீலர் கேஜும் இவ்வளவு சொல்வது எனக்கு இன்னமும் வியப்புதான். மேலே தேய்வதற்குக் காரணம் உண்டு: பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது, ஆயில் படலம் மெலிகிறது, எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அமுக்குகிறது.

நிதானமாக ஓடும் இஞ்சின், 5 தவ் தாங்கும் என்று முடிவெடுத்து ரிங் மட்டும் மாற்றினேன்.

கவனம் அதிகம் தேவைப்பட்டது இங்கேதான். புது ரிங் மேலே 22 தவ் காட்டியது, தாராளம் என்று தோன்றும். ரிங்கின் பயணம் முடியும் அடியில் வெறும் 6! சூட்டில் ரிங் விரியும்போது கீழே இரு முனைகளும் முட்டிக்கொண்டால் போர் கீறிப்போகும், ரிங்கே உடையலாம். தேய்ந்த போரில் கேப்பை வைக்க வேண்டியது ரிங் பயணிக்கும் குறுகலான இடத்தில்தான். மேலே கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி அரம் போட்டு, பிசிறு நீக்கி, அடியில் 10க்குக் கொண்டுவந்தேன்.

போரின் உச்சியில் தேயாமல் நின்ற மேட்டை ரிட்ஜ் ரீமர் என்ற செதுக்கும் கருவியால் எடுத்தேன். பழைய ரிங்கின் மேல்விளிம்பு மழுங்கியிருந்ததால் அதில் இடிக்கவில்லை, புது ரிங்கின் கூரான விளிம்பு கட்டாயம் இடிக்கும். அப்புறம் லேசாக ஹோனிங் (சாணைக்கல்லால் போரின் சுவரைத் தேய்ப்பது), சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவல். கேப்கள் ஒரே கோட்டில் வராதபடி ரிங்குகளைத் திருப்பி வைத்துப் பூட்டினேன்.

ரிங் படிந்த பிறகு அந்த இரண்டு சிலிண்டர்களும் ஆயில் விடாமலே 100 பவுண்டைத் தாண்டின.