பெரியவர்களுக்கும் ஊசி உண்டு

ஒன்ராறியோவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் தடுப்பூசி விவரம் கேட்பார்கள். அதற்குச் சட்டமே இருக்கிறது. பதிவு இல்லையென்றால் சுகாதாரப் பிரிவிலிருந்து கடிதம் வரும், பிள்ளையை இடைநிறுத்தவும் செய்வார்கள். அதனால் ஸ்காபரோவில் தமிழ் வீடுகளில் பிள்ளைகளின் தடுப்பூசி விவரம் எழுதிய மஞ்சள் அட்டை பத்திரமாக இருக்கும். தாய் தகப்பனுடைய அட்டை எங்கே என்று கேட்பாரில்லை. குடிவரவு மருத்துவப் பரிசோதனையில்கூட நெஞ்சுப் படம், இரத்தம், சலம் இவற்றைத்தான் பார்த்தார்கள்.

என்னிடம் அதை முதலில் கேட்டவர் எங்கள் குடும்ப வைத்தியர். "ஊரில என்னென்ன ஊசி போட்டனீங்கள்?"

சின்ன வயதில் மருத்துவமாது சொல்லிப் போட்ட ஊசிகள் அம்மாவுக்கு ஞாபகம். அட்டையோ இடம்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. வடக்கில் யுத்தத்துக்குள் வளர்ந்த பலருடைய கதை இதுதான். அட்டை இல்லாவிட்டால் போடாதவராகவே எண்ணித் தொடங்கலாம், முன்பு போட்டிருந்தாலும் திரும்பப் போடுவதால் கெடுதல் இல்லை என்றார் வைத்தியர். ஏற்புவலி (டெட்டனஸ்), தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்) மூன்றும் சேர்ந்த ஊசி முதலில். இடைவெளி விட்டு இன்னும் இரண்டு. பிறகு ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்கும் 10 வருடத்துக்கு ஒருமுறை. இவற்றுக்குக் காசு இல்லை.

சின்னமுத்தை, அதாவது தட்டம்மையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. கனடா 1998இல் ஒழித்த நோய் அது. 2024 இலையுதிர்காலத்தில் தொடங்கிய பரவல் ஒரு வருடம் கடந்தும் அடங்கவில்லை, 2025 நவம்பரில் ‘நோயை ஒழித்த நாடு’ என்ற தகுதியைக் கனடா இழந்தது. இலங்கையிலும் 2019இல் ஒழிந்ததென்று அறிவித்தார்கள், 2023இல் திரும்பப் பரவியது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் எங்களுக்கு இரு பக்கமும் ஆபத்து. ஒரு ஊசியோடு நின்றவர்கள் இரண்டாவதையும் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் இதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அதே ஊசியில்தான் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் ருபெல்லாவுக்கும் மருந்து இருக்கிறது. வலுக்குறைத்த உயிர்க்கிருமியால் செய்தது என்பதால் கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள். குக்கல் ஊசி அப்படியல்ல, ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டியது. குழந்தைக்கு முதல் ஊசி இரண்டு மாதத்தில்தான், அதுவரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்திதான் காவல்.

கொப்புளிப்பான் (சிக்கன்பொக்ஸ்) வராமல் வளர்ந்தவர்களும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வெப்ப நாடுகளிலிருந்து வந்தவர்களில் அப்படிப் பலர் உண்டு. வளர்ந்தபின் வந்தால் நியூமோனியா வரை போகலாம்.

ஸ்பொன்சரில் வந்த அம்மா அப்பாவுக்கு அக்கி ஊசியும் இருக்கிறது. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து வயதான பிறகு அக்கியாக வெளிவரும். கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும், இரவில் படுக்க விடாது. ஒன்ராறியோவில் 65 முதல் 70 வயது வரை இந்த ஊசி இலவசம், அதற்குப் பிறகு சொந்தக் காசு. இதை இரண்டு முறை போட வேண்டும், இடையில் இரண்டு முதல் ஆறு மாதம் விட வேண்டும். வீட்டில் 70 வயதில் யாராவது இருந்தால் அடுத்த பிறந்தநாளை எண்ணிப் பார்த்து இந்தக் கிழமையே வைத்தியரை அழையுங்கள்.