எட்டாம் மாடி முழங்கால்

6 ஜனவரி 2025, திங்கள்

தேதி கிடைத்துவிட்டது. பிப்ரவரி 18, வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். இடதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாமாம். மூன்று மாதச் சர்க்கரை 7.7. அக்டோபரில் 8.6 இருந்தபோது, 8-க்குக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் கத்தி வைக்க மாட்டேன், கிருமி ஏறினால் போட்ட மூட்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தே ஓ கோசோங்தான், வெறும் கறுப்புத் தேநீர். மாமாக் கடைப் பையன் இப்போது கேட்பதே இல்லை, நான் உட்காரும் முன்பே கறுப்பாக ஒன்று வந்துவிடுகிறது. பால் இல்லை, சீனி இல்லை, காசு மட்டும் வாங்குகிறார்கள்.

7 ஜனவரி

லிஃப்ட் 7-இல் நிற்கும், 10-இல் நிற்கும். எங்கள் வீடு 8-இல்.

10 ஜனவரி, வெள்ளி

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் அம்மா வைத்திருந்ததாம், அம்மா போன பிறகு பால்கனியில் அதன்மேல் துணி காயப்போட்டிருக்கிறார்கள். அலுமினியம் நன்றாகத்தான் இருக்கிறது. நாலு காலிலும் ரப்பர் வெயில்பட்டுக் கல்லாகிவிட்டது, நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது. சரி, ரப்பரை மாற்றிவிடலாம், ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். அகலம்தான் தொல்லை. டேப் வைத்துப் பார்த்தேன், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு 25 அங்குலம். பாத்ரூம் நிலைக்குள் 23½. அதாவது ஹாலில் வரும், படுக்கையறைக்குள் வரும், எங்கே அவசரமாகப் போக வேண்டுமோ அங்கே மட்டும் வராது. போதாததற்கு பாத்ரூம் வாசலில் நாலு அங்குலக் கட்டு, உள்ளே குந்தி உட்காரும் கக்கூஸ். ஆபரேஷனுக்குப் பிறகு குந்துவது என்பது நடக்காத காரியம், கமோட் நாற்காலி வாங்கி அந்தக் குழிக்கு மேல் வைக்க வேண்டும். நிலை, கட்டு, குழி எல்லாவற்றையும் நோட்டில் படம் போட்டுக் குறித்துவைத்தேன். மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஆபரேஷனுக்குப் போறீங்களா, வீட்டுக்கு வயரிங் போடப் போறீங்களா?"

நாற்பது வருஷம் வயர்மேன் வேலை பார்த்தவன் அளக்காமல் என்ன செய்வான்.

14 ஜனவரி, பொங்கல்

பட்டர்வொர்த் மச்சான் வந்தார். போன வருஷம் செய்துகொண்டவர். ஒன்றும் பயமில்லை மாமா, எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்கிறார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் நீட்டி உட்காரும்போதும் முழுசாக நீளவில்லை, கொஞ்சம் மடங்கியே நிற்கிறது. கேட்டால், வலிக்கு இதமாக இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினாராம். அதைத்தான் வைக்கவே கூடாது என்று எனக்குக் கொடுத்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. குதிகாலுக்கு அடியில் சுருட்டின துண்டு வைக்கலாம், முழங்காலுக்கு அடியில் எதுவும் கூடாது. பொங்கல் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒரு ஸ்பூன்.

18 ஜனவரி

பல் பிடுங்கியாச்சு. முழங்காலுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்றுவரை திட்டிக்கொண்டிருந்தேன். சொத்தையில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளுமாம், உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் மருந்து எட்டாதாம். இதைச் சொல்லியிருந்தால் நான் ஏன் திட்டப் போகிறேன்.

21 ஜனவரி, செவ்வாய்

சிங்கப்பூரிலிருந்து மகன் இணையத்தில் வாங்கி அனுப்பிவிட்டான். பெட்டியைப் பிரித்தால் நாலு சக்கரம், சைக்கிள் பிரேக், உட்கார சீட், முன்னால் கூடை. சிவப்புக் கலர் வேறு. "அப்பா, டாப் மாடல்" என்கிறான் போனில். நல்லா இருக்குடா என்றேன், வேறென்ன சொல்ல. ஹாலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தால் அது முன்னால் போகிறது, நான் பின்னால் நிற்கிறேன். இதைத் தூக்கிக்கொண்டு 7-லிருந்து 8-க்கு யார் ஏறுவது? மல்லிகாவுக்குப் பிடித்துவிட்டது. பாசாருக்குக் கொண்டுபோகலாம் என்று இப்போதே கூடையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

22 ஜனவரி

அது 27 அங்குலம்.

25 ஜனவரி

தொடைச் சதையை இறுக்கி அஞ்சு எண்ணிவிட்டு விட வேண்டும். காலை மடக்காமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். இப்போதே பலம் ஏற்றி வைத்தால்தான் அப்புறம் எழுந்து நடப்பது சுலபமாம். இன்றைக்கு எதையும் செய்யவில்லை. மழைக்கு முன்னால் வலிக்கிற வலி. யாரும் பேச வேண்டாம்.

27 ஜனவரி, திங்கள்

உள்ளே என்ன வைக்கப் போகிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். தொடை எலும்பின் முனையைச் சீவிவிட்டுக் கோபால்ட் குரோமியத்தில் ஒரு மூடி. முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பின் தலையில் டைட்டானியம் தட்டு. இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக், பாலிஎத்திலீன், அதுதான் தேய்கிற சாமான். திருகு எங்கே என்று தேடினால் திருகே இல்லை, பெரும்பாலும் சிமெண்ட் வைத்து ஒட்டுகிறார்கள். பொடியும் திரவமும் கலந்து குழைத்தால் சூடேறிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறுகிவிடுமாம். பதினைந்து இருபது வருஷம் தாங்கும், நிறையப் பேருக்கு அதற்கு மேலும் ஓடுகிறது. எனக்கு 67. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூட்டுக்குத்தான் வாரண்டி அதிகம்.

30 ஜனவரி

சீனப் பெருநாள் இரண்டாம் நாள். மருந்துச் சாமான் கடை எல்லாம் பூட்டு. ஒன்பதாம் நாள் கழித்துத்தான் திறப்பார்களாம். இன்னும் எதுவும் வாங்கவில்லை. ஒன்றுமே வாங்கவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

பிசியோ வகுப்பு. மலாய்க்காரப் பெண், என் மகளைவிடச் சின்னவள். எல்லாரும் என்ன வாங்கலாம் என்று கேட்டார்கள், அவள் திருப்பி ஒவ்வொருவரையும் வீடு எப்படி என்று கேட்டாள். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். சிரிக்கவில்லை, உட்கார்ந்து பார்த்தாள். சிவப்பு வண்டியை இப்போதைக்குத் தொடாதீங்க அங்கிள், நடை நிதானமான பிறகு பார்க்கலாம் என்றாள். வார்டில் முதல் ஒன்றிரண்டு நாள் அவர்களுடைய வாக்கர். வாக்கரைப் படியில் கொண்டுபோகவே கூடாது. ஆகவே எனக்கு, கையில் பலமும் நிதானமும் இருந்தால், முழங்கைக்குக் கீழே வளையம் பிடிக்கிற ஊன்றுகோல் இரண்டு. கதவுக்குள் ஒருக்களித்து நுழையலாம், படியும் ஏறலாம். அக்குளில் இடுக்குகிற பழைய மாடல் வேண்டாம், தெரியாமல் பாரத்தை அக்குளில் போட்டால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். சில வாரம் கழித்து ஒற்றைத் தொங்காட், அதாவது கைத்தடி, அதுவும் இடது கையில்.

இடது கையில்! ஆபரேஷன் வலது காலில். அங்கே இருந்த முக்கால்வாசிப் பேர் வலியுள்ள பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடக்கும்போது வலது கால் முன்னால் போனால் இடது கைதானே கூடப் போகிறது, அந்தக் கையில் தடி இருந்தால் பாரம் இரண்டு பக்கமும் பிரியும், உடம்பு ஒருபக்கம் சாயாது.

உயரம் பார்க்கிற விதம்: வழக்கமாகப் போடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேராக நிற்க வேண்டும், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ அங்கே பிடி. பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

படிக்கு அவள் சொன்னது, மேலே சொர்க்கம், நல்ல கால் முதலில் போகும். கீழே நரகம், கெட்ட கால் முதலில் போகும். தடி எப்போதும் கெட்ட காலோடு.

5 பிப்ரவரி, ராத்திரி

சீனர்கள் வானத்துச் சாமிக்குக் கரும்பு வைத்துக் கும்பிடுகிறார்கள். வெடிச் சத்தத்தில் தூக்கம் இல்லை. எழுந்து போய் எங்கள் படியைப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் கைப்பிடிக் கம்பி, சுவர்ப்பக்கம் வெறும் சுவர். ஏறும்போது கம்பி இடது பக்கம் வருகிறது. அப்படியென்றால் இடது கை கம்பியில், ஊன்றுகோல் வலது கையில். இடது கையில் பிடி என்றுதானே சொன்னாள்? இறங்கும்போது சரியாக வருகிறது, ஏறும்போது மாறிப்போகிறது. மணி 1.40.

6 பிப்ரவரி

போன் போட்டுக் கேட்டேன். கம்பி இருந்தால் கம்பிதான் முதலில், எந்தப் பக்கம் இருந்தாலும். ஊன்றுகோல் மிச்சமிருக்கிற கையில். இன்னொன்றைக் கூட வருகிறவர் கொண்டுவரட்டும். கூட வருகிறவர் எப்போதும் எனக்குக் கீழ்ப்படியில் நிற்க வேண்டும், ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். மல்லிகா 48 கிலோ. நான் 81.

10 பிப்ரவரி, திங்கள்

தைப்பூச ரதம் புறப்பட்டாச்சு. மல்லிகா விடிவதற்கு முன்பே தங்கச்சியோடு போய்விட்டாள். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. முன்னெல்லாம் பால்குடத்தோடு மூச்சு வாங்காமல் ஏறுவேன், இன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து தேங்காய் உடைக்கிறதைப் பார்க்கிறேன். சீனர்கள்தான் மலை மலையாகக் குவித்து வைத்து உடைக்கிறார்கள். ரோடெல்லாம் தேங்காய்த் தண்ணீர் ஓடும். அதில் போய்த் தடி ஊன்றினால் நேராக முருகனிடம்தான்.

513 வேண்டாம் அப்பனே. 16 போதும். 7-லிருந்து 8.

13 பிப்ரவரி, வியாழன்

ஒருவழியாக வாங்கியாச்சு. ஊன்றுகோல் ஜோடி 75 மலேசிய வெள்ளி, கமோட் நாற்காலி தனி. கடைக்காரர் நாலு முனைத் தடியையும் தள்ளிவிடப் பார்த்தார், கவிழவே கவிழாது அங்கிள் என்றார். சமதரையில் கவிழாது, படியில் நாலு முனையும் பதியாமல் ஆடும். அதைக் கையில் வாங்கிக் கடை வாசல்படியிலேயே வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பேசாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

சாயங்காலம் வராந்தாவில் நடந்து பழகினேன். ஊன்றுகோல் இரண்டும் முதலில், அப்புறம் வலது கால், அப்புறம் இடது. எதிர் வீட்டுப் பேரன் பின்னாலேயே அதே மாதிரி நடந்து வருகிறான், ஆளுக்கொரு துடைப்பம் வேண்டுமாம் அவனுக்கும் தம்பிக்கும்.

14 பிப்ரவரி

கால் விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டாச்சு. ஃபேன் வயரைச் சுவரோரமாகக் கிளிப் அடித்தேன். நாற்காலிக்குக் கை இருக்கிறது, உயரம் 18 அங்குலம், போதும். கெண்டைக்காலில் கொசு கடித்திருக்கிறது. சொறியக் கூடாது. தோல் கிழிந்திருந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்களாம். காலில் முடிகூட நாமாக மழிக்கக் கூடாது. சொறியவில்லை. சொறியவில்லை.

16 பிப்ரவரி

எனக்கு ஏதாவது ஆனால் பேங்க் புத்தகம் இரண்டாவது டிராயரில். எழுதிவைத்தேன், அவளிடம் சொல்லவில்லை.

17 பிப்ரவரி, திங்கள்

வார்டு. பெட் கிடைக்கக் காலையிலிருந்து சாயங்காலம்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள், மூட்டுத் தேய்ந்தவர்கள் உட்கார உலகத்திலேயே தாழ்வான நாற்காலி. வலது தொடையில் பேனாவால் அம்பு போட்டுவிட்டுப் போனார் டாக்டர். ஊன்றுகோலில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குமேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது.

18

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது, சுவரில் பைப் பதிக்கும்போது உளியடிக்கிற மாதிரியே.

19 பிப்ரவரி

மச்சானைப் பார்க்க வேண்டும். எறும்பாம்.

20 பிப்ரவரி, வியாழன்

வார்டு வாக்கரில் கதவுவரை போய் வந்தேன். கணுக்காலை ஆட்டிக்கொண்டே இரு, ரத்தம் உறையக் கூடாது என்று தாதி வரும்போதெல்லாம் சொல்கிறாள். மத்தியானம் பிசியோ ஊன்றுகோலைக் கொடுத்துப் பயிற்சிப் படிக்குக் கூட்டிப்போனாள். நாலே படி, இரண்டு பக்கமும் கம்பி. நான் ஒரு கம்பியை மட்டும் பிடிக்கிறேன் என்றேன். ஏன் அங்கிள் என்றாள். எங்கள் வீட்டில் ஒன்றுதான் என்றேன்.

22 பிப்ரவரி, சனி

வீடு. 16 படிக்கு எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். திருப்பத்தில் ஆன்ட்டி நாற்காலி போட்டு வைத்திருந்தார். மல்லிகா எனக்குக் கீழே இரண்டாவது ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, விழுந்தால் தாங்கப் போகிறவள் மாதிரி கையை விரித்து நின்றாள், எனக்கு வலியைவிடச் சிரிப்பு.

26 பிப்ரவரி

80 டிகிரி மடங்குகிறது. ஐஸ், மாத்திரை, ஐஸ். ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணை என்னைப் பார்க்கிறது.

4 மார்ச், செவ்வாய்

தையல் பிரித்தாச்சு. 95. வீட்டுக்குள் ஒற்றைத் தடி பழகலாம் என்றார்கள், இடது கையில். பழைய தொங்காட்டை எடுத்து நின்று பார்த்தால் பிடி மணிக்கட்டுக்குக் கீழே போய்விட்டது. தடி குறையாது. வில்லாக வளைந்திருந்த காலை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அதுதான். ஒரு ஓட்டை ஏற்றினால் அதிகமாகத் தெரிகிறது, இறக்கினால் கூனுகிறேன். சப்பாத்து போடாமல் அளந்ததாலோ என்னவோ, மல்லிகா அந்த டேப்பை எங்கே வைத்தாள்