நமுகோங்கோவுக்கு நடந்தவர்களோடு இரண்டு நாள்

உகாண்டாவில், தலைநகர் கம்பாலாவுக்குப் பக்கத்தில் உள்ள நமுகோங்கோவுக்கு, மறைசாட்சிகள் திருவிழாவுக்காகப் போய்த் திரும்பி இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. பாதத்தில் கொப்புளம் ஆறவில்லை. விசா, தடுப்பூசி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எண்டெபே விமான நிலையத்திலிருந்து கம்பாலா நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அக்கா வீட்டுக்காரர் அங்கே வேலை பார்க்கிறார். அன்றைக்கு அவருக்கு ஷிப்ட். வெளியே நின்ற ஒரு டிரைவர் ஒரு லட்சம் ஷில்லிங் என்று பேசி ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, "திருவிழா நெரிசல், இரண்டு லட்சம்" என்றார். இருட்டு, புது ஊர், பெட்டியோ டிக்கியில். கொடுத்தேன். நம் பணத்துக்கு 4,600 ரூபாய்! மூன்று நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த காசு அது. தயவுசெய்து ஆப்பில் வண்டி பிடியுங்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர் வந்து கூப்பிடும்வரை உள்ளேயே உட்கார்ந்திருங்கள்.

விசா இணையத்திலேயே கிடைக்கிறது, 50 டாலர். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். பத்து நாளுக்கு முன்பே போட வேண்டும். அந்த மஞ்சள் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், ஊர் திரும்பும்போதும் கேட்பார்கள்.

இனி நமுகோங்கோ.

ஒவ்வொரு ஜூன் 3-ம் தேதியும் உகாண்டாவில் அரசு விடுமுறை. 1886-ல் அதே நாளில், புகாண்டா (இன்றைய உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய அரசு) அரசன் இரண்டாம் முவாங்காவின் ஆணைப்படி, அரண்மனையில் பணிவிடை செய்த கிறிஸ்தவ இளைஞர்களை நமுகோங்கோவில் உயிரோடு எரித்தார்கள். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சபையாரும் சேர்ந்தே செத்தார்கள். 1885 முதல் 1887 வரை கொல்லப்பட்டவர்களில் கத்தோலிக்க மறைசாட்சிகள் 22 பேர், ஆங்கிலிக்கன் சபையார் 23 பேர். இந்தக் கதையைச் சிறுவயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். கிசிட்டோ என்ற பெயர் மட்டும் மனதில் நின்றது. அவர்களில் இளையவன், பதினாலு வயது இருக்கலாம்.

ஜூன் 2 மாலை நானும் அத்தானும் கிளம்பினோம். கிரெக்கா வரை டாக்சி. அங்கே டாக்சி என்றால் பதினாலு பேர் உட்காரும் வேன், கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு வருவார். சியாலிவஜ்ஜாலாவுக்கு மேல் வண்டி விடவில்லை. 'போடா' எனப்படும் வாடகை பைக்காரர்கள் சந்து வழியாகக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஆளுக்கு இருபதாயிரம் கேட்டார்கள், வழக்கமாக ஐயாயிரம் ஆகும் தூரத்துக்கு.

"நடந்தே போயிரலாம் மாப்ள, எல்லாரும் நடந்துதான போறாங்க" என்றார் அத்தான்.

அவர் சொன்னது சரிதான். சாலை முழுக்க மனிதர்கள். கையில் ஜெபமாலை, தோளில் சுருட்டிய பாய், முதுகில் குழந்தை. ருவாண்டா, கென்யா, தான்சானியா, காங்கோ என்று பல நாட்டார். இரண்டு வாரம் நடந்து வந்தவர்களைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் ரப்பர் செருப்பு தேய்ந்து குதிகால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் பாடிக்கொண்டே போனார். என் கொப்புளத்தைப் பற்றி அத்தானிடம் சொல்ல நினைத்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

இரவு பேராலய மைதானத்திலேயே தங்கினோம். ஈரத் தரையில் பாயை விரித்து ஆயிரக்கணக்கானோர் படுத்திருந்தார்கள். பக்கத்தில் மசாக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம். கோமேசி என்ற அந்த ஊர்ப் பாரம்பரிய உடை உடுத்திய அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன். அந்த அம்மா தூக்கிலிருந்து அவித்து மசித்த மட்டோக்கே வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் எடுத்து, கேட்காமலேயே எங்களுக்கும் வைத்தார். ஆறிப்போன சாப்பாடுதான். ஆனால் அந்தக் கடலைக் குழம்பின் ருசி! மறுநாள் ஒரு கடையில் பத்தாயிரம் ஷில்லிங் கொடுத்து அதையே வாங்கினேன், பக்கத்தில்கூட வராது.

சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா லுகாண்டாவில் ஏதோ கேட்டார். மகன் ஆங்கிலத்தில் சொன்னான்: "நீங்கள் வாசித்துவிட்டீர்களா என்று கேட்கிறார்." எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். அவர்கள் மொழியில் ஒகுசோமா என்றால் வாசிப்பது. ஜெபிப்பதற்கும் அதே சொல்தான். அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குப் பெயரே அபசோமி, வாசகர்கள். கோயிலுக்குப் போவதும் எழுத்துக் கற்பதும் ஒரே வேலையாக இருந்த காலத்தின் சொல் அது.

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மிஷனரி என்றாலே நம் மனதில் வருவது, வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்கினார், ஊரை மாற்றினார் என்ற படம்தான். அந்தப் படம் பாதிதான் சரி. 1875-ல் பயணி ஸ்டான்லியின் கடிதம் லண்டன் பத்திரிகையில் வந்தது. முவாங்காவின் தந்தையான அரசன் முத்தேசா போதகர்களை அழைக்கிறார் என்று. 1877-ல் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் வந்தார்கள். அடுத்த வருடம் அலெக்சாண்டர் மெக்கே வந்தார். ஸ்காட்லாந்து எஞ்சினியர்; அச்சு இயந்திரத்தை ஓட்டி வேத பாகங்களை லுகாண்டாவில் அடித்துக் கொடுத்தார். 1879-ல் பிரெஞ்சுக் கத்தோலிக்கரான வெள்ளை அங்கிக் குருக்கள். அவர்களில் லூர்டெல் சாமியாரை ஊரார் 'மப்பேரா' என்றார்கள், பிரெஞ்சில் 'மோன் பேர்' என்று அழைப்பதைக் கேட்டு அவர்கள் நாக்கு வளைத்துக்கொண்ட பெயர்.

ஆனால் 1882 நவம்பரில் கத்தோலிக்கக் குருக்கள் அத்தனை பேரும் விக்டோரியா ஏரியின் தென்கரைக்குப் போய்விட்டார்கள். 1885 ஜூலையில்தான் திரும்பினார்கள். கிட்டத்தட்ட மூன்று வருடம் பூசை இல்லை, சாமியார் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் விசுவாசிகள் கூட்டம் பெருகியிருந்தது! வளர்த்தவர்கள் யோசேப் முக்காசா பாலிகுத்தெம்பே, அந்திரேயா கக்வா, மத்தியாஸ் கலெம்பா போன்ற உள்ளூர்க்காரர்கள். இரவில் வீடுகளில் கூடி ஒருவருக்கொருவர் வாசித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

1885 அக்டோபரில் ஆங்கிலிக்கன் ஆயர் ஹானிங்டன் புகாண்டாவுக்குக் கிழக்கே உள்ள புசோகாவில் கொல்லப்பட்டார். கிழக்கு வழியாக வருகிறவர்கள் நாட்டைப் பிடிக்க வருகிறார்கள் என்று முவாங்காவுக்குப் பயம். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஜெர்மானியர்கள் இடம் பிடித்துக்கொண்டிருந்த நேரம், அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் ஆயரைக் கொன்றது தவறு என்று எடுத்துச் சொன்ன பாலிகுத்தெம்பேயை நவம்பரில் கொன்றதற்கும், தன் இச்சைக்கு இணங்காத பையன்களை எரித்ததற்கும் எந்த அரசியல் நியாயமும் கிடையாது. சரித்திரத்தில் இதை மழுப்பி எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

1886 மே 25 இரவு, முன்யோன்யோ அரண்மனையில், விடிந்தால் தீர்ப்பு என்று தெரிந்து, சார்ல்ஸ் லுவாங்கா கிசிட்டோவுக்கும் வேறு சிலருக்கும் தன் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் குரு இல்லை, அரண்மனைப் பணியாளர். ஆப்பிரிக்காவில் விசுவாசம் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் இனி அந்த இரவைத்தான் சொல்வேன். 1900-ல் அந்தக் கண்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. இன்று அறுபது கோடிக்கும் மேல். வெளியூர் மிஷனரிகளால் மட்டும் இது முடிகிற காரியமா? கங்காணி வேலை இல்லையே இது, ஆள் வைத்துச் செய்ய. அப்போலோ கிவெபுலாயா என்ற புகாண்டாக்காரர் 1896-ல் காங்கோவின் ம்போகாவுக்குப் போய் ஊழியம் செய்தவர். அவரும் மிஷனரிதான்.

ஜூன் 3 காலை. பேராலயம் புகாண்டா மக்களின் பழைய கூம்புக் குடிசை வடிவம், சுற்றிலும் 22 தூண்கள். கட்டியவர் சுவிஸ் கட்டடக் கலைஞர் ஜஸ்டஸ் டாஹிண்டன், 1975-ல் அர்ச்சிக்கப்பட்டது. லுவாங்காவை எரித்த இடம் இதுதான். உள்ளே நுழைய முடியவில்லை. திருப்பலி குளத்தின் நடுவே உள்ள மண்டபத்தில். நாங்கள் சரிவில், முன்னால் நின்றவர்களின் குடைகளுக்குப் பின்னால். எதுவும் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. அந்தக் கூட்டம் ஒரே குரலில் பாடியதை நான் எப்படி எழுதுவது! அத்தான் கோயிலுக்கு அதிகம் போகாதவர். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே குறை, முன்வரிசை முழுக்க நாற்காலியும் கூடாரமும் போட்டுப் பெரிய மனிதர்களுக்கு. இரண்டு வாரம் நடந்தவர்கள் வெயிலில். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிற்பகல் பக்கத்திலுள்ள ஆங்கிலிக்கன் நினைவிடத்துக்குப் போனோம். மற்றவர்களை எரித்தது அங்கேதான். அருங்காட்சியகத்தில் அந்தக் கொலைகளை ஆளுயரச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் யோசித்துக்கொள்ளுங்கள். முத்தேசா காலத்தில் முஸ்லிம் இளைஞர்களும் தங்கள் விசுவாசத்துக்காக இதே நமுகோங்கோவில் கொல்லப்பட்டார்கள் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. முவாங்கா? பிரிட்டிஷாரை எதிர்த்து, 1899-ல் சீஷெல்சுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்று தானியேல் என்ற பெயரோடு 1903-ல் இறந்தான். இதைப் படித்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கம்பாலா திரும்பி லுவோம்போ சாப்பிட்டோம், வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைத்த கோழி. முவாங்காவின் அரண்மனைச் சமையல்காரர் கண்டுபிடித்தது என்கிறார்கள். இரண்டு பேருக்கும் எழுபதாயிரம் ஷில்லிங். விமான டிக்கெட் தவிர்த்து மொத்தச் செலவு 31,000 ரூபாய் ஆனது. தங்கியது அக்கா வீட்டில் என்பதால் அவ்வளவோடு போயிற்று.

அடுத்த முறை முன்யோன்யோவிலிருந்து அவர்கள் நடந்த வழியிலேயே நடக்கலாம் என்று அத்தானிடம் சொன்னேன்.

"அப்போ ஜூன்ல வராத மாப்ள. மே இருபத்தஞ்சுக்கே வந்துரு. அந்த ராத்திரிக்கு நாம அங்க இருக்கணும்" என்றார்.