ஸ்லைடில் எல்லாம் நார்மல்

சிறுநீரக பயாப்ஸி லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கு, குறையே இல்லாத ஸ்லைடைக் கண்டால் கொஞ்சம் சந்தேகம் வரும். நோயாளிக்குக் கண் இமையும் காலும் வீங்கியிருக்கும், சிறுநீர் நுரைத்துப் போகும், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் தரைமட்டம். சாதாரண மைக்ரோஸ்கோப்பிலோ, ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ப் பந்தான குளோமெருலஸ் சுத்தமாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "ஸ்லைடு மாறிடுச்சா அக்கா?" என்று லேபிள் நம்பரைச் சரிபார்த்தார். சிறுநீரில் புரதம் ஒழுகினாலும் ஸ்லைடில் மாற்றம் தெரியாத மினிமல் சேஞ்ச் நோய் அப்படித்தான்.

கோளாறு இருப்பது, அந்த வடிகட்டியை வெளியே போர்த்தி நிற்கும் போடோசைட் செல்களின் பாதங்கள் கோர்த்துக்கொள்ளும் இடத்தில். பாதங்களுக்கு நடுவே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி. இரு கரையிலிருந்தும் நெஃப்ரின் என்ற ஒட்டுப்புரதம் நீண்டு, ஜிப் பற்கள் போல நடுவில் கோர்த்துக்கொள்கிறது. தினமும் ஏறக்குறைய 180 லிட்டர் வடிநீர் இந்த இடைவெளிகள் வழியாகத்தான் போகிறது. இதைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். ஒரு துண்டைத் தனியாக, திசுவைக் கெடாமல் காக்கும் குளூட்டரால்டிஹைடு திரவத்தில் போடுங்கள் என்று வார்டுக்காரர்களை நான் நச்சரிப்பது இதற்காகத்தான். படம் வந்தால், தனித்தனியாக நிற்கவேண்டிய பாதங்கள் ஒன்றாக இழுபட்டுக் கிடக்கும்.

எனக்கு வியப்பு என்னவென்றால், கருவில் இந்தச் செல்களுக்குப் பாதமே கிடையாது. தூண் மாதிரி ஒட்டி நிற்கும். அவற்றின் இறுக்கமான இணைப்புகள் மெல்லக் கீழே இறங்கி, பாதங்கள் விரிய விரிய, அங்கே நெஃப்ரின் சவ்வு உருவாகிறது. நெஃப்ரின் மரபணுவை 1998-இல் டிரிக்வாசன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பின்லாந்தில் பிறவியிலேயே வரும் நெஃப்ரோடிக் நோயைத் துரத்திப்போய்க் கிடைத்தது அது. அந்தக் குழந்தைகளுக்குக் கருவிலிருந்தே புரதம் ஒழுகும், ஸ்டீராய்டு கேட்காது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தாலும் சிலருக்குத் தொல்லை தீராது. நெஃப்ரினையே பார்த்திராத உடம்பு, புதிதாக வந்த நெஃப்ரினை அந்நியன் என்று எதிர்க்கும்.

அப்புறம்தான் கதை எங்கள் மேசைக்கு வந்தது. பிறவிக் கோளாறு எதுவும் இல்லாத மினிமல் சேஞ்ச் நோயாளிகள் பலரின் ரத்தத்திலும் நெஃப்ரினுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதாக 2022-லும் 2024-லும் ஆய்வுகள் வந்தன. ஆன்டிபாடிகளை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனையில் சில நேரம் ஐஜிஜி வகை ஆன்டிபாடி பொடிப்பொடியாகத் தெரியும். பின்னணி மாசு என்று ஒதுக்குவதுதான் பல இடங்களில் வழக்கம். இப்போது எங்கள் டாக்டர் அந்த ஸ்லைடை 'நெகட்டிவ்' என்று எழுதுவதற்கு முன் பெரிய லென்ஸில் இன்னொருமுறை பார்க்கிறார். விளக்குகளை அணைக்கச் சொல்கிறார், நாங்களும் காத்திருக்கிறோம்.