வேட்புமனுக்களில் பெண் பெயர்கள்

வட்டாட்சியர் அலுவலகத்தில் தேர்தல் பிரிவு என்று ஒரு மூலை உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும் பிரிவு என்று மற்றவர்கள் கேலியாகச் சொல்வார்கள். உண்மையில் வாக்காளர் பட்டியல் திருத்தமும் வாக்குச்சாவடி மறுசீரமைப்பும் ஆண்டு முழுவதும் நடப்பவை. டெல்டா மாவட்டமொன்றில் தேர்தல் துணை வட்டாட்சியராகவும், பதவி உயர்வுக்குப் பிறகு உதவித் தேர்தல் நடத்தும் அலுவலராகவும் நான் பணிபுரிந்த காலத்தில், அரசியல் கட்சிகளை மேடையில் பார்த்ததைவிடக் கோப்புகளில் பார்த்ததே அதிகம். ஒரு கட்சி யாரை முகவராக நியமிக்கிறது, யாருடைய கையொப்பத்தோடு கடிதம் கொடுக்கிறது, கூட்டத்துக்கு யாரை அனுப்புகிறது என்பவற்றைத் தொடர்ந்து கவனித்துவந்தால், அந்தக் கட்சிக்குள் யாருக்கு என்ன இடம் என்பது ஒருவரும் சொல்லாமலே விளங்கிவிடும். தமிழ்நாட்டுக் கட்சிகளில் பெண்களின் இடத்தை நான் அறிந்துகொண்டதும் இப்படித்தான்.

முதலில் கண்ணில் பட்டது இரண்டு பட்டியல்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலர் உண்டு. எங்கள் வட்டத்தில் அந்தப் பணியைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அங்கன்வாடிப் பணியாளர்கள், அதாவது பெண்கள். வீடு வீடாகச் சென்று, இறந்தவர் பெயரை நீக்கி, திருமணமாகி வந்த பெண்ணின் பெயரைச் சேர்த்து, குடிபெயர்ந்தவரை விசாரித்துக் குறித்து வருபவர்கள் அவர்களே. அதே வாக்குச்சாவடிக்கு ஒவ்வொரு கட்சியும் தன் சார்பில் ஒரு முகவரை நியமித்துப் பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலில் பெண் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தெருவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அரசுக்காக அறிந்துவைத்திருப்பவர் பெண். அதையே கட்சிக்காக அறிந்துவைத்திருப்பவர் ஆண். பெண்களால் தெருத்தெருவாக அலைய முடியாது, இரவு வரை வெளியே நிற்க முடியாது என்று கட்சிக்காரர்கள் காரணம் சொல்லும்போதெல்லாம், எங்கள் அங்கன்வாடிப் பணியாளர்கள் கையில் படிவங்களோடு வெயிலில் நிற்பதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

இது சிறிய விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் கட்சி அரசியலில் ஒருவருக்குக் கணக்குத் தொடங்குவதே இங்கேதான். வாக்குச்சாவடி முகவராக இருப்பவர்தான் அந்தப் பகுதியின் வாக்குகளைத் தலைதலையாக அறிவார். முடிவு வந்தபின் எந்தச் சாவடியில் எத்தனை வாக்கு என்று ஒன்றியச் செயலாளர் கேட்கும்போது பதில் சொல்வார். அந்தப் பதிலின் பலத்தில் கிளைச் செயலாளர் ஆவார், பிறகு ஒன்றியப் பொறுப்புக்கு வருவார், மாவட்டச் செயலாளரின் பார்வையில் படுவார். சட்டமன்றத் தேர்தலுக்கு விருப்ப மனு கொடுத்துத் தலைமைக் கழகத்தின் நேர்காணலில் உட்காரும்போது, "உங்கள் தொகுதியில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குக் காட்ட அவரிடம் ஏதோ ஒன்று இருக்கும். மகளிரணியில் இருபது ஆண்டு இருந்த பெண்ணிடம் காட்டுவதற்கு இருப்பது மாநாட்டுக்குப் பேருந்துகளில் ஆள் சேர்த்த கணக்கும், தலைவர் வருகையின்போது பூரண கும்பத்தோடு நின்ற படங்களும்தான். அவருடைய உழைப்பு குறைந்ததாக நான் சொல்லவில்லை. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் அவர் பெயரில் ஏறுவதில்லை என்கிறேன்.

விருப்ப மனுவுக்கான கட்டணத்தில் சில கட்சிகள் பெண்களுக்குச் சலுகை தருகின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குத் தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாயும், பெண்களுக்கும் தனித் தொகுதிகளுக்கும் 15,000 ரூபாயும் வாங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெண்களைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பத்தாயிரம் ரூபாய் இல்லை. அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவிட ஆணையம் அனுமதித்த உச்சவரம்பு 30.80 லட்சம், 2022இல் அது 40 லட்சமாக உயர்ந்தது. செலவினக் கணக்குப் பதிவேட்டைச் சரிபார்த்த எவருக்கும் உச்சவரம்பு என்பது எவ்வளவு மரியாதையான கற்பனை என்பது தெரியும். நிலமும் கடையும் ஒப்பந்தமும் ஆண்கள் பெயரில் இருக்கும் ஊரில், செலவு செய்யக்கூடியவர் யார் என்று கட்சி பார்க்கத் தொடங்கினால் பெண் பெயர் முதல் சுற்றிலேயே உதிர்ந்துவிடுகிறது.

வேட்புமனுத் தாக்கலின்போது பெண் பெயர்கள் திடீரென்று கூடும். இதைத் தேர்தல் பிரிவில் இருந்தவர்கள் மட்டுமே ரசிக்க முடியும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் மனுவோடு ஒரு மாற்று வேட்பாளரின் மனுவும் வரும். பரிசீலனையில் முதல் மனு தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. அந்த மாற்று வேட்பாளர் பெரும்பாலும் வேட்பாளரின் மனைவி. கட்சியிலேயே வேறொருவரை நிறுத்தினால் அவர் நாளைக்கு உரிமை கொண்டாடுவார் என்ற அச்சம் இருப்பதால், வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். சொத்து விவரங்கள் அடங்கிய படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் நகைகளின் எடை முதல் வங்கிக் கையிருப்பு வரை எழுதி, உறுதிமொழியை வாசித்து, கையொப்பமிட்டு அந்த அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்து செல்வார். மறுநாள் நாளிதழ்களில், "மாற்று வேட்பாளராக அவரது மனைவி மனுத் தாக்கல் செய்தார்" என்று ஒரு வரி வரும்; பல நேரங்களில் அவர் பெயர்கூட வராது. பரிசீலனையில் கணவரின் மனு ஏற்கப்பட்டதும், கட்சிச் சின்னத்துக்கான படிவம் பி அவருக்கே உரியதாகிவிடும். கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பதால், ஒரே முன்மொழிபவரோடு வந்த மனைவியின் மனு தானாகவே தள்ளுபடியாகும். ஒவ்வொரு தேர்தலிலும் இந்த வரிசை தவறாமல் நடந்தது. மனுத் தாக்கல் செய்த பெண்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பெண் பங்கேற்பைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் இந்தத் தள்ளுபடிகளைக் கழித்துவிட்டு எழுதினால் நல்லது.

உண்மையான பெண் வேட்பாளர் வரும் நாள் வேறு மாதிரி இருக்கும். தேர்தல் நடத்தும் அலுவலரின் அறைக்குள் வேட்பாளரோடு நான்கு பேருக்குத்தான் அனுமதி. ஆண் வேட்பாளருடன் மாவட்டச் செயலாளர், கூட்டணிக் கட்சிப் பிரதிநிதிகள், வழக்கறிஞர் என்று நால்வர் வருவார்கள், பேசுபவர் வேட்பாளர்தான். பெண் வேட்பாளருடனும் அதே நால்வர் வருவார்கள். அலுவலர் வேட்பாளரைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு வலப்பக்கமிருந்தோ இடப்பக்கமிருந்தோ பதில் வரும். எங்கள் கோட்டாட்சியர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "அம்மா, நீங்கள் சொன்னால்தான் நான் எழுதுவேன்" என்று பேனாவை மூடிவைத்துவிடுவார். அறையில் சிறிது சலசலப்பு எழும். பிறகு அந்த அம்மையாரே தெளிவாகப் பதில் சொல்வார். பதில் தெரியாமல் இருந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

எண்களைப் பார்த்தால் நிலைமை விளங்கும். 2021 தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியலில் பெண்கள் சுமார் 3.19 கோடி, ஆண்கள் 3.09 கோடி. 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு அந்தத் தேர்தலில் வென்ற பெண்கள் 12 பேர். இதற்கு முன் எப்போதும் இவ்வளவுதான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1991இல் 32 பெண்கள் வென்றார்கள்; 2016இல் 21 பேர். முப்பது ஆண்டுகளில் முன்னேற வேண்டிய எண் பின்னோக்கி நடந்திருக்கிறது. 1991இல் முதலமைச்சரானவர் ஜெயலலிதா என்பதும் அந்த எண்ணுக்கு ஒரு காரணம். ஒரு பெண்மணி தன் கட்சியில் யாருக்கு இடம் கொடுப்பது என்பதை ஒற்றையாகத் தீர்மானிக்கும் நிலையில் இருந்தார். ஆனால் அவருடைய காலத்திலும் மாவட்டச் செயலாளர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள். அவர் நினைத்தால் எந்த மாவட்டச் செயலாளரையும் ஒரே அறிக்கையில் நீக்க முடியும், நீக்கவும் செய்தார், அந்த இடத்துக்கு வந்தவரும் பெரும்பாலும் ஆணாகவே இருந்தார். தலைமை ஒரு பெண்ணிடம் இருப்பதும், கட்சி பெண்களுக்குத் திறந்திருப்பதும் தனித்தனி விஷயங்கள் என்பதை எங்கள் மாவட்ட அரசியலே அந்த ஆண்டுகளில் நன்றாகக் காட்டியது.

மேலே வந்த பெண்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1957இல் தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த பதினைந்து பேரில் சத்தியவாணி முத்து ஒருவர். 1967இல் அண்ணாவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 1974இல் கட்சியிலிருந்து விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்குமளவுக்குத் தனித்து நின்றார். திண்டுக்கல்லில் மார்க்சிஸ்ட் கட்சியின் பாலபாரதி 2001, 2006, 2011 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றார். தூத்துக்குடி வடக்கு மாவட்டத் தி.மு.க. செயலாளராக கீதா ஜீவன் இருக்கிறார். மாவட்டச் செயலாளர் என்ற பதவியில் ஒரு பெண்ணைப் பார்ப்பதே அரிது. அவருடைய தந்தை பெரியசாமியும் அதே மாவட்டத்தில் அந்தப் பொறுப்பை வகித்தவர். இதை அவருக்கு எதிராகச் சொல்லவில்லை. ஆண் வாரிசுகள் எத்தனையோ பேர் இருக்கும் அரசியலில் பெண் வாரிசை மட்டும் குறையாகப் பேசுவது நியாயமில்லை. ஆனால் தந்தையோ கணவரோ முன்பே அமர்ந்திருந்த நாற்காலி அல்லாமல் கிளையிலிருந்து படியேறி அந்த உயரத்துக்கு வந்த பெண்களைக் கணக்கெடுத்தால் விரல்கள் மிஞ்சும்.

நாம் தமிழர் கட்சி 2021இல் சரிபாதியாக 117 தொகுதிகளில் பெண்களை நிறுத்தியது. அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை என்பதால் இதை வெறும் காட்சி என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. நான் அப்படி ஒதுக்க மாட்டேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்த இளம்பெண்களில் சிலர் தங்கள் மனுவைத் தாங்களே பூர்த்தி செய்து, சந்தேகங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டு போனார்கள். ஆனாலும் வெல்லும் வாய்ப்புள்ள கட்சிகள் வெல்லும் தொகுதிகளில் பெண்களை நிறுத்தும்வரை சட்டமன்றத்தின் எண் மாறப்போவதில்லை.

எண் மாறிய இடம் உள்ளாட்சி. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு தொடங்கியது. 2016இல் சட்டத் திருத்தத்தின் மூலம் 50 விழுக்காடாயிற்று. 2022 நகர்ப்புறத் தேர்தலுக்குப் பின் 21 மாநகராட்சிகளில் 11 பெண் மேயர்கள். சென்னையில் 28 வயதுப் பிரியா பொறுப்பேற்றார். ஊராட்சித் தலைவரின் கணவர் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதை நானும் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பின்போது தலைவரைத் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவர் கணவர். கணக்கெடுப்புப் பட்டியலைச் சரிபார்ப்பவரும் கணவர். இரண்டாம் ஆண்டில் சில ஊர்களில் இது மாறும். காசோலையில் தன் கையொப்பம் இல்லாமல் எதுவும் நகராது என்பதை அந்தப் பெண் புரிந்துகொண்டதும், தொலைபேசியை அவரே எடுக்கத் தொடங்குவார்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பற்றது. ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும் மட்டுமே கட்சிச் சின்னம். எனவே ஐந்தாண்டு தலைவராக இருந்து திறமையாகப் பணியாற்றிய பெண், பதவிக்காலம் முடிந்ததும் கட்சிக்குள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவராகிவிடுகிறார். அடுத்த முறை இடம் பொதுவாகவோ வேறு பிரிவுக்கோ போய்விட்டால், அவர் கையாண்ட குடிநீர்த் திட்டமும் சாலையும் அவருக்குக் கிளைச் செயலாளர் பொறுப்பைக்கூட வாங்கித் தருவதில்லை. ஒதுக்கீடு அரசுப் பதவியைத் தந்தது. கட்சிப் பதவியைத் தொடவில்லை. கட்சிகளின் உள்விதிகளில் மகளிருக்கென்று ஒரு துணைச் செயலாளர் இடம் ஒதுக்கியிருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். என் மேசைக்கு வந்த கடிதங்களில் அந்தத் துணைச் செயலாளரின் கையொப்பம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. செயலாளருக்கு உடல்நலம் சரியில்லாத நாட்களில்கூட அவைத்தலைவரோ பொருளாளரோதான் கையொப்பமிட்டார்கள்.

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அதையொட்டிய தொகுதி மறுவரையறைக்கும் பிறகு சட்டமன்றங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. இப்போதைய 234 இடங்களில் அது 78. அந்த 78 இடங்களுக்குக் கட்சிகள் யாரைத் தேடும் என்பதை ஊகிப்பது கடினமில்லை: மாற்று வேட்பாளராக ஏற்கனவே பிரமாணப் பத்திரம் எழுதிப் பழகிய அதே வீட்டுப் பெண்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், முன்னாள் ஒன்றியக் குழுத் தலைவர்களும் கவுன்சிலர்களுமாகப் பதவியில் பழகிய ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு வரிசைகளில் எதற்கு வாய்ப்பு என்பதை அப்போதைய மாவட்டச் செயலாளர்கள்தான் பரிந்துரைப்பார்கள். அதனால்தான் கிளைப் பொறுப்பும் முகவர் நியமனமும் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகின்றன.

நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், வாக்குச்சாவடிகளை இடம் மாற்றுவதற்கான வரைவுப் பட்டியலை வாசித்தோம். வழக்கமாக அந்தக் கூட்டங்களில் தேநீர் வரும்வரை ஆட்சேபணை வராது. அன்று ஒரு கட்சியின் சார்பில் முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர்களான இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். செயலாளர் வேறு ஊருக்குப் போயிருந்ததால் தாங்கள் வந்ததாக முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு சிற்றூரின் வாக்குச்சாவடியைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றும் இனம் வந்தபோது அவர்களில் மூத்தவர் எழுந்து, இரண்டு ஊருக்கும் நடுவில் வாய்க்கால் இருக்கிறது, மரப்பாலத்தைத் தாண்டிக் கிழவிகள் வர மாட்டார்கள், சுற்றி வந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், எங்கள் ஊர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு இப்போதுதான் சாய்தளம் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த வேறொரு கட்சிப் பிரதிநிதி, செயலாளரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார். "அவருக்கு அந்த வாய்க்கால் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மையார் எழுத்துமூலமான ஆட்சேபணையை என்னிடம் நீட்டினார். அடியில் இரண்டு பேரின் கையொப்பமும் இருந்தது. வருவாய் ஆய்வாளரை அனுப்பித் தூரத்தை அளந்தோம்; வாக்குச்சாவடி அங்கன்வாடியிலேயே அமைந்தது.