சும்மா சும்மா ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர்

பத்து நாளு எங்க வீட்டு கம்ப்யூட்டர் படுத்தின பாடு சொல்லி மாளாது. நாலு கடைக்கு டாலி சாப்ட்வேர்ல கணக்கு போட்டுக் குடுக்கிற வேலை எனக்கு, ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம்தான் உக்காருவேன், பாதி பில்லு அடிச்சிருப்பேன், டப்புனு ஸ்க்ரீன் கருப்பாயி முதல்லேர்ந்து ஆன் ஆவும். அம்மா "கண்ணு பட்டிருக்கும்டா, உப்பு மொளகா சுத்திப் போடு"ன்னாங்க. மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் வந்து அஞ்சு நிமிஷம் பாத்துட்டு "மதர்போர்டு காலி தம்பி, எட்டாயிரம் ஆவும்"னுட்டு டீ குடிச்சுட்டுப் போய்ட்டாரு. எட்டாயிரத்துக்கு எங்க போறது, நம்மளே பாத்துக்கலாம்னு எறங்கிட்டேன்.

மொதல்ல விண்டோஸ்ல ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி செட்டிங்ஸ்ல போயி 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்து வுட்டேன். சாப்ட்வேர், டிரைவர் பிரச்சினைன்னா அப்பவாவது எரர் காட்டுற ப்ளூ ஸ்க்ரீன் அப்படியே நிக்கணும். நிக்கல, அப்பவும் டப்புதான். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல பாத்தா வரிசையா 'கெர்னல் பவர் 41'ன்னு எரர். இதைப் பாத்ததும் நெறைய பேரு பவர் சப்ளை போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. 41ன்றது காரணமே இல்லங்க, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுன்னு அடுத்த தடவை ஆன் ஆவும்போது அதுவா எழுதிக்கிற குறிப்பு, அவ்ளோதான். அதுக்குள்ள பக்செக் கோடு, அதாவது விண்டோஸ் க்ராஷ் ஆனா எழுதி வைக்கிற எரர் நம்பர், 0ன்னு இருந்துச்சு. அப்படின்னா விண்டோஸுக்கே இன்னா நடந்துச்சுன்னு தெரியல.

சூடு செக் பண்ணேன், 55 டிகிரிக்கு மேல போவல. ரேமை கழட்டி பென்சில் ரப்பரால தேச்சு மாட்டினேன். யூபிஎஸ்ஸ வுட்டுட்டு நேரா சுவத்து பிளக்ல போட்டேன். ப்ரெண்டு வீட்டு எஸ்எம்பிஎஸ், அதான் அந்த பவர் சப்ளை பெட்டி, கடன் வாங்கிக்கூட மாட்டிப் பாத்தாச்சு (எஸ்எம்பிஎஸ் பெட்டிய மட்டும் தொறக்காதீங்க, பிளக்க புடுங்கினாலும் உள்ள கரன்ட் தங்கியிருக்கும்). ஒண்ணும் ஆவல.

அப்பதான் ஒண்ணு தோணுச்சு, பகல்ல வெயில் அடிக்கும்போது ஒழுங்கா ஓடுது, ராத்திரி ஜன்னல் தொறந்து கடல் காத்து பிசுபிசுன்னு வரும்போதுதான் புடுங்குது. எங்க வீடு சென்னை காசிமேடு, ஹார்பருக்கு ரெண்டு தெரு தள்ளி. இங்க கேஸ் அடுப்பு ஸ்டாண்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், எதுவும் துருப்புடிக்காம தப்பிச்சதா சரித்திரமே கெடையாது. கேபினெட் முன்பக்கத்தை கழட்டினேன். ரீசெட் பட்டனுக்குப் பின்னாடி உளுந்து சைஸுல ஒரு ஸ்விட்ச்சு, அதோட ரெண்டு காலுக்கும் நடுவுல பச்சையா பாசி மாதிரி பூத்துப்போய் கெடக்கு. காத்துல ஈரம் ஏறினா அந்த உப்பு வழியாவே ரெண்டு காலும் சேந்துக்குது போல, யாரும் தொடாமலே மெஷினு ரீசெட் அழுத்தினதா நெனச்சுக்குது. அம்மா சுத்தச் சொன்ன உப்பு ஏற்கனவே உள்ள உக்காந்து நம்மள சுத்தினு இருந்திருக்கு!

மதர்போர்டு ஓரத்துல ரீசெட் எஸ்டபிள்யூன்னு எழுதின குட்டி ஒயர் சொருகியிருக்கும், பிளக்க புடுங்கிட்டு அத மட்டும் உருவி வுட்டேன். செலவு ஒரு பைசா இல்ல. ரீசெட் பட்டன் இல்லாம குடி முழுகிடாது, மெஷினு தொங்கினா பவர் பட்டனை ஒரு நாலஞ்சு செகண்டு அழுத்திப் புடிச்சா ஆஃப் ஆயிடும்.

மூணு வாரம் ஆச்சு, ஒரு தடவை கூட டப்பு இல்ல. ஆனா பவர் பட்டனும் பக்கத்துலயேதான் இருக்கு, அதுவும் அதே காத்தைத்தான் குடிக்குது, இப்போ ராத்திரி உக்காந்தா மொதல்ல ஜன்னலை சாத்திடறேன்.