மூன்றாவது தடவை: கதிர்க்குருவிச் சுற்றில் தப்பித்த கதை

நேற்று சாயங்காலம் பறவை வழிகாட்டித் தேர்வின் முடிவுப் பட்டியல் வந்தது. பாஸ். மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தது ஒரே விஷயம்தான்: கதிர்க்குருவிகள், ஆங்கிலத்தில் வார்ப்ளர் என்கிற, ஒன்றுபோலவே இருக்கும் பொடிப் பறவைகள். அதனால் இங்கே அதை மட்டும் எழுதுகிறேன். வழிகாட்டித் தேர்வில் கழுகு, உள்ளான் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள், அவை எனக்கு எப்படியோ வந்துவிட்டன.

முதல் தடவை நடைச் சுற்று வால்பாறைப் பக்கம், டிசம்பர் காலை. சில்வர் ஓக் உச்சியில் பச்சையாக ஒரு பொடிக் குருவி. பைனாகுலரைத் தூக்கினேன். சிறகில் பட்டை இல்லை. பட்டை இல்லாத பச்சைக் குருவி, குளிர்காலம், மேற்குத் தொடர்ச்சி மலை. டைட்லர்ஸ் லீஃப் வார்ப்ளர்! அபூர்வமாக ஒன்றைக் கண்டுபிடித்த குஷியில் எழுதிக் கொடுத்தேன். அது சாதாரண கிரீனிஷ் வார்ப்ளர். அதற்குச் சிறகில் இருக்கிற பட்டையே ஒரு மெல்லிய கோடு, இறகு நைந்துபோனால் அதுவும் தெரியாது. மதிப்பிட வந்த பெரியவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, அஞ்சு நிமிசமா அது கத்திட்டே இருந்துச்சே, கேக்கலீங்களா?”

கேட்கவில்லை. கண்ணில் பைனாகுலர் ஏறினால் எனக்குக் காது அடைத்துவிடும்.

இரண்டாவது தடவைக்கு எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். சிறகிறகுகளின் நீள வரிசை, அலகு மில்லிமீட்டர் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். கையில் பறவையைப் பிடித்து வளையமிடுகிறவர்களுக்கு அது உயிர். புதரில் அரை நொடி வால் காட்டி மறைகிற குருவியிடம் அளவுநாடாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதிலும் பெரிய ஆட்களே தடுமாறிய இடம் இது. 1867-ல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஹியூமுக்குக் கிடைத்த ஒரே ஒரு லார்ஜ்-பில்டு ரீட் வார்ப்ளரை வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2006-ல் தாய்லாந்தில் இன்னொன்று வலையில் விழுந்தது. டி.என்.ஏ. பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். அப்புறம் அருங்காட்சியக இழுப்பறையைத் துழாவினால், பிளைத்ஸ் ரீட் என்கிற இன்னொரு வார்ப்ளர்க் கூட்டத்துக்கு நடுவில் அதே இனத்தில் ஒன்று வருஷக்கணக்காகப் படுத்திருக்கிறது. இதைப் படித்தபிறகுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மூன்றாவது தடவைக்கு நான் செய்தது ஒன்றுதான். செப்டம்பரில் வலசை வர ஆரம்பித்ததிலிருந்து தினமும் காலை அரை மணி நேரம், பைனாகுலரைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கேட்பது, எழுதுவது, பிறகுதான் பார்ப்பது. கண் கூர்மையானவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படலாம். எனக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி.

காதுக்கு நான் வைத்துக்கொண்ட குறிகள் (எல்லாமே வார்ப்ளர்கள், கடைசி இரண்டு மட்டும் கண்ணுக்கு):

பிளைத்ஸ் ரீட்: “ட்சக்... ட்சக்”. நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். லண்டானா புதர், வேலி, கொல்லைப்புறம் எங்கும். ஆளைப் பார்க்கக் காத்திருக்காதீர்கள்.

கிரீனிஷ்: “ச்சி-வீ”, இரண்டசை, ஊசி மாதிரி. மர உச்சி.

கிரீன்: அதே குரல்தான், ஆனால் மூன்றசை. அடிப்பக்கம் மஞ்சள் கூட. அசையை எண்ண முடியவில்லையென்றால் “கிரீன்/கிரீனிஷ்” என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள். பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டிலேயே அப்படி ஒரு பதிவு உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் முதல் தடவை வெட்கப்பட்டேன்.

லார்ஜ்-பில்டு லீஃப்: தெளிவான சீட்டி, இரண்டாவது சுரம் மேலே ஏறும். டீக்கடையில் “ஒரு டீ!” என்று கூவுகிற ராகம். வால்பாறையில் இதை மறக்கவே முடியாது.

வெஸ்டர்ன் கிரவுன்டு: உச்சந்தலையில் வெளிறிய கோடு, சிறகில் இரண்டு பட்டை. இதற்குக் கண்ணே போதும். இதைத் தப்பாக எழுதினால் மன்னிப்புக் கிடையாது.

சல்ஃபர்-பெல்லீடு: பாறையிலும் அடிமரத்திலும் ஒட்டி ஊர்ந்து ஏறும். நடையைப் பாருங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். இலைக்கு அடியில் எல்லாமே பச்சை, சாயங்கால வெயிலில் எல்லாமே மஞ்சள். படச் சுற்றில் ஒரே பறவையை இரண்டு வெளிச்சத்தில் காட்டிக் கவிழ்ப்பார்கள்.

படச் சுற்றில் காது உதவாது, அங்கே நான் வாலுக்குப் போனேன். நாணல் வகைக்கு (ரீட் வார்ப்ளர்கள், பேடிஃபீல்டு வார்ப்ளர்) வால்நுனி வட்டம். பூட்டட், சைக்ஸ் வார்ப்ளர் இரண்டுக்கும் சதுரம், ஓரத்தில் வெள்ளை. பிளைத்ஸ் ரீட் அலகையும் வாலையும் கொஞ்சம் தூக்கி, வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கும், புருவக்கோடு கண்ணைத் தாண்டி அதிகம் ஓடாது. பேடிஃபீல்டுக்குப் புருவம் கண்ணுக்குப் பின்னாலும் பட்டையாக ஓடும், மேலே கருங்கரை, அலகும் குட்டை. தண்ணீரோரக் கோரையில் தேடுங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி, பறவைக் குரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் சீனோ-கான்டோ தளத்தில் முப்பது ஒலிப்பதிவு கேட்டேன். தப்பு. தூக்கத்திலும் “ட்சக்”. பத்து போதும். பதிவு எந்த ஊர், எந்த மாதம் என்று பார்த்துக் கேளுங்கள். கோடையில் சைபீரியாவில் பாடுகிற பாட்டு, ஜனவரியில் சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் எதற்கு?

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்கிற மெர்லின் செயலியைத் தேர்வில் அனுமதிக்க மாட்டார்கள், பயிற்சியில் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு திரையைப் பாருங்கள்.

நடைச் சுற்றில் இந்தத் தடவையும் அதே பெரியவர். வேலியோரம் “ட்சக்” கேட்டதும் பைனாகுலரைத் தொடாமலே எழுதினேன். “பாக்கலீங்களா?” என்றார். “வேண்டாங்கய்யா” என்றேன். சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை பெரிசு.

ஒன்று மட்டும் போச்சு. படச் சுற்றில் பதினெட்டாவது. அவர்கள் வெளியிட்ட விடைக்குறிப்பில் பூட்டட் என்று போட்டிருக்கிறார்கள். அலகு நீளம், கீழலகு நுனி வரை வெளிறியே இருக்கிறது, புருவத்துக்கு மேல் கருங்கரையே இல்லை, உட்கார்ந்திருப்பது வேலமரக் கிளை. அது சைக்ஸ். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன்.